கண்ணாடியில் மட்டும் சிரித்த முகம்

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது நான் துப்பாமலே தண்ணீர் வெளியே வந்தது. உதட்டின் வலது ஓரம் தானாகத் திறந்துகொள்ள, தண்ணீர் தாடை வழியாக ஓடி நைட்டியை நனைத்தது. இன்னொரு வாய் ஊற்றிப் பார்த்தேன். அதுவும் அப்படியே ஓடியது. இந்த வயதில் ஜொள்ளு விடுகிறோமே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் தூக்கக் கலக்கம், மற்றபடி என் முகம் என் முகமாகத்தான் இருந்தது.

காப்பியும் அதே ஓரத்தில் ஒழுகியது. வலது கண் எரிந்தது. அதன் பிறகுதான் பாவாவிடம் சொன்னேன். என் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மகன். தமிழே பேசும் வீடுகளிலும் எங்கள் பக்கம் அந்தச் சொல் உண்டு. அவர் என் முகத்தை நிமிர்த்திப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னை அரக்கோணத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவருக்கு வேலையும் அங்கேதான், ரயில்வேயில். தெரிந்த ஊர்.

டாக்டர் என்னைப் புருவத்தை உயர்த்தச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், ஈ என்று பல்லைக் காட்டச் சொன்னார். பயப்படும் விஷயம் இல்லை, முகவாதம், முகத்தின் வலது பக்கத்து நரம்பு வீங்கியிருக்கிறது, லேசாகத்தான் வந்திருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். முகத்துக்குப் பயிற்சி சொல்லித் தரும் பெண்ணிடம் வாரம் ஒருமுறை வரச் சொன்னார். சில மாதத்தில் சரியாகிவிடுமாம். வெளியே வந்ததும் பாவா எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. உறிஞ்சவே முடியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து ஜூஸ் கடைக்காரர் ஸ்ட்ராவை மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எனக்கு ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. மலையில் கல்யாணம் நடத்த வருகிறவர்களுக்குப் பெண் அலங்காரம்தான் முக்கிய வேலை. முகூர்த்த நாளில் விடியலுக்கு முன்னாலேயே தமிழும் தெலுங்குமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னோடு இன்னொரு பெண்ணும் வேலை செய்கிறாள். புருவம் திருத்துவதில் அவளுக்கு ஈடு இந்த ஊரில் இல்லை என்பது என் எண்ணம். என்னைவிடச் சிறியவள் என்பதால் அக்கா என்பாள்.

முகத்தை வைத்துத் தொழில் செய்கிறவளுக்கு முகத்திலேயே வியாதி வந்தால் யார் உள்ளே வருவார்கள் என்று முதலில் பயந்தேன். ஆனால் வந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினார்கள். நானும் அவர்கள் பின்னால் நின்று கண்ணாடியிலேயே பார்த்துச் சிரித்தேன். எல்லாம் வழக்கம்போல இருந்தது. வீட்டுக் கண்ணாடியிலும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வருவதாகத்தான் பட்டது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில்தான் என்னவோ மாறிப் போயிருந்தது. கீரைக்காரம்மா நான் பேரம் பேசுவதற்கு முன்பே ஒரு கட்டைக் கூடப் போட்டு, "இதுக்கு மேல கோச்சிக்காதம்மா" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவே இல்லை, காலை வணக்கமாகச் சிரித்திருந்தேன். தெரிந்த ஆட்டோக்காரர், மீதிச் சில்லறைக்கு நான் கை நீட்டியபோது மன்னிப்புக் கேட்டார். எதிர்வீட்டுப் பெண் இரண்டு நாள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் அவள் கணவர் பாவாவைப் பிடித்து, தங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வாசலில் ஓடுவதில் எனக்கு ஏதாவது வருத்தமா என்று விசாரித்திருக்கிறார்.

இதையெல்லாம் பார்லரில் சொல்லிச் சிரித்தபோது என்னோடு வேலை செய்கிறவள் சிரிக்கவில்லை. "அக்கா, கண்ணாடில பாக்கசொல்ல நீங்க நல்லாத்தான் சிரிச்சிகினு இருக்கீங்க. இந்தப் பக்கம் திரும்பினீங்கன்னா என்னமோ எம்மேல கோவம் மாதிரி இருக்குது" என்றாள். நான் திரும்பி அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்துக் காட்டினேன். பாவம், அவள் கையிலிருந்த நூலைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்து வந்த வம்பு வந்திருக்காது.

பாவாவின் அக்கா கே.ஜி.கண்டிகையில் இருக்கிறார். எனக்கு வதினா. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு மாடு என்று நிலத்தோடு வாழ்கிற குடும்பம். அவருக்கு ஒரே மகள். அரக்கோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிறாள். அவளுக்குத் திருவாலங்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களும் விவசாயக் குடும்பம்தான். எல்லாருக்கும் பிடித்த இடம். பெண் பார்க்க வரும் நாளில் நான்தான் அவளை அலங்கரிக்க வேண்டும் என்று வதினா முன்கூட்டியே சொல்லிவிட்டார். முகம் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டதற்கு, அதெல்லாம் சரியாகிவிட்டது வதினா என்று நானும் சொன்னேன். கண்ணாடி அப்படித்தானே சொல்லியிருந்தது.

அன்றைக்கு மதியத்திலிருந்து வதினா வீட்டு உள்ளறையில் பீரோக் கண்ணாடியின் முன்னால் நானும் அந்தப் பெண்ணும்தான். கண்ணுக்கு மை தீட்டும்போது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆட, நானும் ஆட, மை ஒருமுறை காது வரைக்கும் போனது. மாப்பிள்ளையின் போட்டோவை எனக்கு மட்டும் காட்டினாள். அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதைவிட, அவள் சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் வந்தார்கள். நான் கேசரித் தட்டையும் பஜ்ஜித் தட்டையும் ஒவ்வொருவரிடமும் கொண்டு போனேன். மனசு நிறைந்து சிரித்துக்கொண்டே கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஒரு பஜ்ஜியை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். அவர்கள் கிளம்பிப் போனதும் வதினா என்னோடு பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. பாவா கூப்பிட்டால் எடுத்தார், என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மாடு கத்துகிறது என்று வைத்துவிட்டார்.

விஷயத்தை அவர் மகள்தான் பார்லருக்கு வந்து சொன்னாள். பையன் வீட்டு அம்மா போகும்போது வதினாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணின் அத்தைக்கு இந்தச் சம்பந்தத்தில் மனசில்லையா என்று கேட்டிருக்கிறார். வதினாவுக்கும் அதற்கு முன்பே அப்படித்தான் பட்டிருக்கிறது. நான் தட்டை வெடுக்கென்று நீட்டினேனாம், முகத்தை உம்மென்று வைத்திருந்தேனாம். காரணத்தையும் வதினா தானே கண்டுபிடித்திருந்தார். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான், காலேஜில் படிக்கிறான். அந்தப் பெண்ணைவிடச் சின்னவன்தான், இருந்தாலும் முறை முறைதானே. வெளியில் பெண் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"எங்கம்மா கையில சொல்லிட்டேன் அத்தை. அவங்க ரூம்புல எங்கூட எப்டி சிரிச்சிகினு இருந்தாங்க தெரியுமான்னு கேட்டேன். அதெல்லாம் உங்கிட்ட நடிப்புன்றாங்க" என்றாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறைக்குள் அவள் என்னைப் பார்த்தது முழுக்கக் கண்ணாடியில். கூடத்தில் மற்றவர்கள் பார்த்தது நேரில்.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது பாவாவும் கூட வந்தார். முகப் பயிற்சி சொல்லித் தரும் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும், எப்போதும் அவசரத்தில் இருப்பாள். அன்றைக்கு நான் கீரைக்காரம்மாவில் தொடங்கிக் கேசரித் தட்டு வரைக்கும் சொன்னதும் அவசரத்தை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைச் சிரிக்கச் சொல்லித் தன் போனில் ஒரு படம் எடுத்தாள். அதைக் காட்டினாள். யாரோ ஒரு கோபக்காரி. வாடகை கேட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். பிறகு அதே படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் என் போனுக்கு அனுப்பியும் வைத்தாள். ஒரே படம், ஒரே உதடு, ஒரே கண். திருப்பினால் சிரிப்பு, திருப்பாவிட்டால் கோபம்.

அவள் விளக்கினாள். முகத்தில் இருக்கும் உணர்ச்சியைப் படிக்கிற வேலையில் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் வலது பாதிதான் முன்னால் நிற்குமாம். நாம் எதைப் பார்த்தாலும் நம் இடது கைப் பக்கமாகத் தெரிவது முதலில் போய்ச் சேருவது அந்த வலது பாதிக்கு. அதனால் ஒரு முகத்தைப் பார்க்கும்போது, நம் இடது கைப் பக்கமாகத் தெரிகிற பாதியைத்தான் நமக்குத் தெரியாமலே அதிகம் நம்புகிறோம். எதிரே நிற்பவருக்கு அவருடைய இடது கைப் பக்கம் வருவது என் வலது கன்னம். அது சிரிக்காத கன்னம். கண்ணாடியில் பார்ப்பவருக்கு அந்தப் பக்கம் வருவது என் இடது கன்னம். அது சிரிக்கிற கன்னம்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அவள் ஒரு படம் வைத்திருந்தாள். கோடுகளால் வரைந்த முகம், ஒரு பாதி சிரிக்கும், மறு பாதி சிரிக்காது. அதற்குப் பக்கத்தில் அதே முகம் திருப்பி வரைந்தது. இரண்டில் எது சந்தோஷமாக இருக்கிறது என்று கேட்டாள். நான் உடனே ஒன்றைத் தொட்டேன். இடப்பக்கம் சிரிக்கிற முகத்தை. பாவா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதானே மேடம் என்றார். என் போட்டோவிலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பாவா இடது கைக்காரர், பேனா அந்தக் கையில்தான் இருந்தது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களில் சிலருக்கு இந்தச் சாய்வு குறைவாக இருக்கும், சிலருக்கு மாறியும் இருக்கும், எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது என்றாள். பாவாவுக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ரொம்பத் திருப்தியோடு சொன்னார், "இருவது வருசமா நீ மூஞ்சத் தூக்கி வெச்சிகினது எனக்கு ஏன் தெரியலன்னு இப்பத்தான் தெரியுது பாரு." இடது கை எழுத்துக்கும் பக்கத்தில் மனைவி உம்மென்றிருப்பது தெரியாததற்கும் அவ்வளவு சம்பந்தம் இருக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கண்டிகைக்குப் போனோம். வதினா வாசலில் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாவாவை வாப்பா என்றார். என்னைப் பார்த்து, ஆங் என்றார், அவ்வளவுதான். எனக்குச் சிரிக்கவே பயமாக இருந்தது. பேசாமல் போனை எடுத்து நேர்ப் படத்தைக் காட்டினேன். "இதே மூஞ்சதான் அன்னிக்கும்" என்றார். பிறகு திருப்பிய படத்தைக் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது முகத்தையே இல்லை.

"இன்னாத்துக்கு சேட்டு வீட்டம்மா மாதிரி முந்தானைய வலது தோள்ல போட்டுகினு கீற?"

படத்தைத் திருப்பினால் முந்தானையும் திரும்பும் என்று விளக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அதன் பிறகுதான் முகத்துக்கு வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மடியில் இருந்த தோல் எல்லாம் சிதற, என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய் பீரோக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். பின்னால் நின்று, சிரி என்றார். சிரித்தேன். தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, சிரி என்றார். சிரித்தேன். மறுபடி கண்ணாடிப் பக்கம். மறுபடி தன் பக்கம். என்னை இப்படித் தயிர் கடைகிற மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தார். வாசற்படியில் நின்ற அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் கட்டிலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "நெஜமாவே கோவம் இல்லியா உனக்கு?"

"இல்ல வதினா."

"உம் பையனுக்குன்னு மனசுல ஒண்ணும் வெச்சிருக்கலியே?"

"அவன் காலைல எழுந்தா இன்னும் அவன் சட்டை எதுன்னு எங்கிட்டதான் கேக்கறான். அவனுக்கு எதுக்கு வதினா இந்தப் பொண்ண?"

வதினா முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தபோது என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார். அன்றைக்கு மதியம் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வறுத்த கருவாடும் புளிக்குழம்பும். வலது கன்னத்துக்குள் சோறு மாட்டிக்கொள்ளும், விரலால் தள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னதும், எனக்கு மட்டும் சோற்றை நன்றாகக் குழைத்துக் கொண்டுவந்து வைத்தார். அதைக் கேட்காமலே செய்தார். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அது முகத்தில் எந்தப் பக்கம் தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

விஷயம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அன்று மாலையே வதினா திருவாலங்காட்டுக்குப் போன் போட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். மூளையில் வலது பாதி, இடது பாதி, பாதிதான் வேலை செய்கிறது என்று தனக்குப் புரிந்த மாதிரி சொல்லியிருக்கிறார். யாருடைய மூளை என்பதைச் சொல்ல விட்டுவிட்டார். அந்த அம்மா பயந்துபோய்விட்டார். பெண் வீட்டில் மூளைக் கோளாறு ஏதாவது வழிவழியாக உண்டா என்று தரகரிடம் விசாரிக்கவே தொடங்கிவிட்டார். அதனால் நானும் வதினாவும் மறு வாரம் பூ, பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறித் திருவாலங்காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தார். கைப்பையில் ஒரு கைக்கண்ணாடி கொண்டு போயிருந்தேன். அதை அவர் கையில் கொடுத்து, அவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவருக்கு முன்னால் முதுகு காட்டி நின்றேன். என் தோளுக்கு மேலாக நீட்டி அதில் என்னைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு நான் திரும்பி நேராக நின்றேன். அவர் என்னையும் கண்ணாடியையும் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வயலிலிருந்து வந்த காலோடு வந்து பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே எல்லாரும் வாயின் ஒரு ஓரத்தை மட்டும் இழுத்துச் சிரித்து, எப்படி இருக்கிறேன் சொல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் சிரிக்க வரவே இல்லை. எவ்வளவு முயன்றாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வந்தது. அதற்கே அவர் வீட்டம்மா அப்படிச் சிரித்தார். போகும்போது எனக்கு ஒரு கட்டு கரும்பு கொடுத்தார்கள். என்னால்தான் அப்போது கடிக்க முடியவில்லை. பாவாவும் பையனும் தின்றார்கள்.

கல்யாணம் வைகாசியில், மலை மேல். அதற்குள் எனக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. கண் மூடியது, தண்ணீர் ஒழுகவில்லை, வலது ஓரம் சிரிப்புக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மலையில் நல்ல கூட்டம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே, பட்டுப்புடவை மடிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணை நடத்திக்கொண்டு போவதற்குள் எனக்கு வியர்த்து வழிந்தது. தாலி கட்டும்போது நான் பெண்ணுக்குப் பின்னால் நின்று அவள் ஜடையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். முடிந்ததும் அவள் திரும்பி, கண்ணாடி ஏதும் இல்லாமல், நேராக என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். ஒரு நொடி காத்திருந்தாள். வலது பக்கமும் வந்ததும் அவளும் சிரித்தாள்.

மதியம் வேனில் கீழே இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணோடு முன்வண்டியில் போய்விட்டார்கள். பாவா முன் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வதினா என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா, வியர்வையா என்று நான் இருந்த பக்கத்திலிருந்து தெரியவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே என் முழங்காலைத் தட்டினார்.

"அழுவுறேன்தான். ஆனா துக்கத்துல இல்ல. சந்தோசமாதான் கீறேன். நீயா ஒண்ணு நெனச்சிக்காத, அதுக்குத்தான் சொல்றேன்."

சரி வதினா என்றேன். பசிக்கிறதா என்று கேட்டார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்ததில் நான் சாப்பிடவே இல்லை, பசிக்கிறது என்றேன். காலடியில் வைத்திருந்த தூக்கைத் திறந்து, வாழையிலைத் துண்டில் சாம்பார் சாதமும் இரண்டு வடையும் வைத்து மடியில் கொடுத்தார். வேன் வளைவில் சாய்ந்தபோது இலையை அவரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.